எழுதாத கதைக்குக் கிடைத்த கைதட்டல்

இணையத்தில் எழுதுகிறவர்களின் கூட்டத்துக்கு அவள் போனது அதுதான் முதல் தடவை. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவள் வேலை. ஓய்ந்த நேரத்தில் குட்டிக் கதைகள் எழுதி வலைத்தளத்தில் போடுவாள். தவறாமல் படிப்பவள் நாத்தனார் ஒருத்திதான். அன்று துணைக்கு வந்தவளும் அவளே.

அரங்க வாசலில் ஆளுக்கொரு அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். பெயருக்குக் கீழே, எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்ற எண்ணிக்கை. பேச வந்தவர்கள் அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள்.

"அண்ணி, அட்டையைத் திருப்பிப் போட்டுக்கோங்க," என்றாள் நாத்தனார்.

மேடையில் ஒருவர் இன்னொருவரைச் சிகரம் என்றார். சிகரம் எழுந்து வந்து அவரைச் சமுத்திரம் என்றது. கேட்கக் கேட்க அவளுக்கு ஒரு சந்தேகம் குடைந்தது. இவர்களில் யாராவது யாரையாவது படித்திருப்பார்களா?

தேநீர் இடைவேளையில் 'பேனாப்புயல்' அவள் பக்கம் வந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர்; கூட்டத்திலேயே பெரிய எண்ணிக்கை அவருடையது. அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், பேச்சுவார்த்தை இல்லாத ரெண்டு சம்பந்திங்க லிஃப்ட்ல மாட்டிக்குவாங்களே, அந்தக் கதையை மறக்கவே முடியலை."

அப்படி ஒரு கதையே கிடையாது. அந்த நொடியில் அவள் கட்டிவிட்டது.

அவர் கண்ணை மூடித் திறந்தார். "அதை முடிச்சப்போ நான் அழுதுட்டேன்மா."

"யாருதான் அழலை," என்றாள் பக்கத்தில் நின்ற பயணக் கட்டுரைக்காரி.

மதியத்துக்குள் கதை அரங்கு முழுக்கப் பரவிவிட்டது. தலைமை தாங்கியவர் அதன் கடைசி வரியை உலகத் தரம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"கொளுத்திப் போட்டீங்க, கூரை வரைக்கும் பத்திக்கிச்சு," என்று நாத்தனார் காதைக் கடித்தாள். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கைதட்டாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

கூட்டம் கலைந்தபோது படிக்கட்டில் பேனாப்புயல் அவளை நிறுத்தினார். கையில் கைபேசி.

"அந்தக் கதையை எப்போ போட்டேன்மா? தேடித் தேடிப் பாக்குறேன், அகப்படலை."

"நீங்க எழுதலை சார். நான் சும்மா சொன்னேன். யாராவது படிக்கிறாங்களான்னு தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு. தப்புதான்."

திட்டுவார் என்று நின்றாள். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நிஜமாவே எழுதிட்டேன்னு நினைச்சேன். தினமும் ஏதாவது போட்டுக்கிட்டே இருக்கேன். எதைப் போட்டேன்னு எனக்கே நினைவில்லை." சற்று யோசித்தார். "அப்போ மத்ததுக்குத் தட்டுனதெல்லாம்?"

அவளும் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"சரி, அதை விடு. அந்தச் சம்பந்திங்க ஏன் பேசிக்கிறதில்லை?"

அதை அவள் யோசித்திருக்கவேயில்லை.

"கல்யாணத்துல முன்வரிசை நாற்காலி யாருக்குங்கிற சண்டையா இருக்கும்," என்றாள் நாத்தனார்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "லிஃப்ட் திறந்ததும் யாரு முதல்ல வெளிய வருவாங்க?"

காவலாளி விளக்கை அணைக்க வரும்வரை மூவரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் அவள் அந்தக் கதையை எழுதிப் போட்டாள். அவரிடமிருந்து ஒரு பின்னூட்டம் வந்தது: 'முழுசாப் படிச்சேன். நடுவுல கொஞ்சம் இழுக்குது. அந்தப் பொண்ணோட அப்பா அவ்வளவு சீக்கிரம் மன்னிக்க மாட்டார்.'

அவள் நாத்தனாரைக் கூப்பிட்டு அதை இரண்டு முறை வாசித்துக் காட்டினாள்.