மஞ்சள் கிடைக்காத மாதங்கள்

கொழும்பு ஒருகொடவத்தை கொள்கலன் யார்டில் லொறி ஓட்டும் தங்கையாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. பொலிஸ், பேங்க், பள்ளிக்கூடம், எங்கே போனாலும் மனைவி பழனியம்மாவுக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். தேயிலைத் தோட்டத்திலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்குச் சிங்களம் கேட்டால் விளங்கும், பேசத்தான் வராது. வந்திருந்தாலும் மனுஷன் விட்டிருக்கமாட்டார், பேச்சில் அப்படியொரு ஆசை!

அந்த வருஷம் பழனியம்மாவுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. சோறு இறங்கவில்லை. தெருமுனை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார். டொக்டர் சிறில் கெட்டவர் இல்லை, ஆனால் வெளியே சனம் முண்டியடித்துக்கொண்டிருந்தது. அவள் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இப்படி மஞ்சளாக இருக்கிறதே, மஞ்சள் பூசுவாவா?" என்று சிங்களத்தில் கேட்டார், அதுவும் தங்கையாவிடம்.

"பூசாமலா டொக்டர்! கல்யாணம் முடிச்ச நாள்லேருந்து இவ மஞ்சள் பூசாம குளிச்சதே இல்ல" என்று தங்கையா சிங்களத்தில் வெளுத்து வாங்கினார்.

இருவரும் சிரித்தார்கள். அரிப்புக்குக் களிம்பும் கேஸ்ட்ரிக் குளிசையும் கிடைத்தன. கண் இமையைக் கொஞ்சம் இழுத்துப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? பாவி மனுஷன், அதைச் செய்யவில்லை.

களிம்பு தீரத் தீர வாங்கிப் பூசினார்கள். இரண்டு மாதம் அப்படியே போயிற்று. சேலை இடுப்பில் நிற்காத அளவுக்கு அவள் இளைத்த பிறகுதான் பொரளைப் பக்கம் இருக்கிற பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே டொக்டர் அருந்ததி முதல் வேலையாகக் கண்ணைப் பார்த்தார். தங்கையா வாயெடுத்தார்.

"நீங்கள் கொஞ்சம் பொறுங்கோ ஐயா, அம்மா சொல்லட்டும். மஞ்சள் பூசுறனீங்களா அம்மா?"

"மஞ்சளுக்கு எங்கங்க போறது? வெளிநாட்டு மஞ்சள் வர்றத அரசாங்கம் நிப்பாட்டுனதுலேருந்து கறிக்கே இல்ல. நான் பூசி எத்தனையோ மாசமாச்சு."

ஒரே வீட்டில் இருக்கிற மனுஷனுக்கு இது தெரியாது. வயிற்றெரிச்சல்!

ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் கட்டி. அது பித்தம் இறங்கும் வழியை அடைத்ததால் வந்த மஞ்சள். இப்போது ஈரலுக்கும் பரவிவிட்டது.

"முதலிலேயே வந்திருந்தால் ஒப்பரேஷனுக்கு வழி இருந்திருக்கும் ஐயா. இனிக் கஷ்டம்" என்றார் அருந்ததி.

வாட்டில் கட்டிலருகே உட்கார்ந்து தங்கையா சிறிலைத் திட்டித் தீர்த்தார். அவனைச் சும்மா விடமாட்டேன் என்றார். திட்டத் திட்ட ஆற்றாமைதான் கூடியது, கடைசியில் அவள் மேலேயே பாய்ந்தார்.

"பூசுறதில்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே புள்ள! வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொன்னேங்க" என்றாள் பழனியம்மா. குரலில் கோபமே இல்லை. "அன்னைக்கு டிஸ்பென்சரியிலேயே உங்க சட்டயப் புடிச்சு இழுத்துச் சொன்னேன். 'சும்மா இரு புள்ள, பேசிக்கிட்டு இருக்கோம்ல'ன்னுட்டீங்க."

தங்கையா எவ்வளவோ யோசித்துப் பார்த்தார். எத்தனையோ இடங்களில் அப்படி அதட்டியிருக்கிறார். அந்த ஒரு தடவை மட்டும் தனியாக நினைவுக்கு வரவில்லை.