கலாவதி ஏறாத வண்டி

எங்கள் சமையலறை ஜன்னல் பக்கத்து வீட்டு டிரைவ்வேயைப் பார்த்துத் திறக்கிறது. பிளசன்டனில் அந்த வரிசை வீடுகளையெல்லாம் அப்படித்தான் கட்டி வைத்திருக்கிறார்கள். பாத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கழுவ முடியாது. ஆகவே தொண்ணூற்றொன்பதாம் வருஷம் மார்ச் மாதத்தில் பக்கத்து வீட்டுத் திருமூர்த்தி அந்தப் பிக்கப் டிரக்கைக் கொண்டுவந்து நிறுத்தியதை அவன் மனைவி கலாவதிக்கு முன்பே நான் பார்த்துவிட்டேன்.

டிரேசி என்ற ஊரில் யாரோ ஒருவன் ஏழு வருஷம் மலையிலும் மணலிலும் போட்டு அடித்துவிட்டு விற்ற வண்டி. தரையிலிருந்து தூக்கிக் கட்டியிருந்தது. சக்கரம் ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம். கலாவதி அப்போது நாலு மாசம். சமையலறையில் மேல்தட்டு எட்டுவதற்காக வைத்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூலை வெளியே கொண்டுவந்து போட்டு, அதன்மேல் ஏறி, பிறகு வண்டியில் ஏறுவாள். ஸ்டூலை அவன் எடுத்துப் பின்னால் போடுவான். இறங்கும்போது மறுபடி ஸ்டூல். மாப்பிள்ளை ஊர்வலம்கூட இத்தனை ஏற்பாட்டோடு நடக்காது.

திருமூர்த்தி உடுமலைப்பேட்டைக்காரன். மில்பிடாஸில் ஒரு சிப் கம்பெனியில் டெஸ்ட் இன்ஜினியர். அந்த வண்டி அவனிடம் வந்த பிறகு தார் ரோட்டை விட்டு ஒரு அடி இறங்கியதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தோட்டத்துக் குழாயைத் திறந்து, ரோஜாப் பாத்தி மண்ணைக் குழைத்து, கைநிறைய அள்ளி மட்கார்டில் அப்புவான். திங்கட்கிழமை ஆபீஸ் பார்க்கிங்கில் காட்ட வேண்டுமே. படித்த மனுஷன், இரண்டு டிகிரி, தன் வண்டிக்குத் தானே சேறு பூசுகிறான். அதைப் பார்த்த அன்றைக்கு எனக்கு ரசம் சாதம் இறங்கவில்லை.

வண்டிக்கு ஒரு வியாதி இருந்தது. ஐம்பது மைல் வேகத்துக்கு மேல் போகும்போது ரோட்டில் சின்ன மேடு பட்டால் போதும், முன்சக்கரம் இரண்டும் உதற ஆரம்பித்துவிடும். முதல் தடவை அது நடந்தது அறுநூற்றெண்பதாம் ஃப்ரீவேயில், சுனோல் மேட்டில். கலாவதி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஸ்டீயரிங்கப் புடிக்கவே முடியலீங்கக்கா அவருக்கு," என்று வேலிக்கு அந்தப்பக்கம் நின்று சொன்னாள். "முன்னாடி பூரா தனியா கழண்டு போயிர்ற மாதிரி ஆடுது. பிரேக்க அமுக்கி அமுக்கி முப்பதுக்கு வந்தப்புறந்தான் நின்னுது. ஓரங்கட்டி எறங்கி வாந்தி எடுத்தேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"ஆஃப் ரோடு வண்டின்னா அப்படித்தான் இருக்குமாம்."

ஏப்ரலில் அவர்கள் வீட்டில் பாட்லக். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் விருந்து. பெண்கள் உள்ளே, ஆண்கள் வெளியே. வெளியே இருந்த பதினோரு பேரும் கையில் காகிதத் தட்டோடு வண்டியைச் சுற்றி நின்று, புளியோதரையை மென்றுகொண்டே குனிந்து பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் மணியனும் அதில் உண்டு. பதினோரு பேரும் இன்ஜினியர்கள். ஸ்பானரைக் கையால் தொட்டவன் ஒருத்தன் இல்லை. டயரில் காற்று என்றான் ஒருவன். அலைன்மென்ட் என்றான் இன்னொருவன். ஜெயபிரகாஷ் இன்டர்நெட்டிலிருந்து ஏழு பக்கம் பிரின்ட் எடுத்து வந்திருந்தான்.

"ஸ்டீயரிங் ஸ்டெபிலைசர அப்கிரேடு பண்ணு மச்சி. இருக்கிறது பழசு, ஒத்தை. டூயல் போடு. பிரச்னை சால்வ்டு."

ஸ்டெபிலைசர் என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஸ்கூட்டரில் இருக்குமே ஷாக் அப்சார்பர், அதைப் படுக்கப் போட்ட மாதிரி ஒரு உருளை. சக்கரத்தில் கிளம்பும் உதறலை ஸ்டீயரிங் வரை வரவிடாமல் அமுக்கிப் பிடிக்கும். ஒன்றுக்குப் பதில் இரண்டு போட்டால் இரண்டு மடங்கு அமுக்கும். அதுதான் டூயல்.

இவர்கள் போகப் பன்னிரண்டாவதாக வந்திருந்த, இன்ஜினியர் அல்லாத ஒரே ஆள் ஞானேஸ்வரன். யாழ்ப்பாணத்துக்காரர். மில்பிடாஸில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறார். அவர் மனைவி குமுதினியும் கலாவதியும் ஒரே டேகேரில் வேலை பார்க்கிறவர்கள், அந்த வழியில் வந்த அழைப்பு. அவர் தட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டு, நல்ல சட்டையோடு அப்படியே தரையில் படுத்து வண்டிக்கடியில் போனார்.

"தம்பி, ஒருக்கா ஸ்டீயரிங்க இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பும்."

திருமூர்த்தி ஏறித் திருப்பினான். உள்ளே ஏதோ 'டொக் டொக்' என்றது. நான் அப்போது வடை கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் வாசலில் இருந்தேன்.

"இஞ்ச பாரும். முன் அச்ச ஆடாமல் புடிச்சிருக்கிற தடி இது, டிராக் பார். போல்ட் போற இந்த ஓட்டை வட்டமா இருக்கோணும். தேஞ்சு முட்டை மாதிரி நீண்டு போச்சு. அதுதான் ஆடுது. ஸ்டெபிலைசரில ஒரு பிழையும் இல்லை."

"டூயல் போட்டா நிக்காதா?" என்றான் ஜெயபிரகாஷ்.

"ஆட்டம் நிக்காது, வெளியில தெரியாது. அவ்வளவுதான். ஒருநாள் அந்த போல்ட் போச்செண்டால் ஸ்டீயரிங் உம்மட கையில இருக்கும், வண்டி தன்ர பாட்டில போகும். கராஜுக்குக் கொண்டு வாரும். வெல்ட் பண்ணித் திருப்பித் துளை போடோணும். ரெண்டு நாள் வேலை."

அவர் கை கழுவ உள்ளே போனார். போய் முடிக்கக்கூட விடவில்லை, ஜெயபிரகாஷ் சொன்னான்:

"கராஜ்காரங்க எல்லாரும் இப்படித்தான். ரெண்டு நாள் வண்டிய உள்ள விட்டா நாலு வேலைய இழுத்து வெச்சிருவாங்க."

பத்துப் பேரும் சிரித்தார்கள். குழாயடியில் நின்ற மனுஷனுக்குக் கேட்டது. எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர் சோப்பை இரண்டாம் தடவை போட்டுக் கழுவினார். பிறகு வந்து தட்டை எடுத்து, ஆறிப்போன இடியாப்பத்தைச் சாப்பிட்டு முடித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்தார் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் அவரோடு பேசவில்லை.

அடுத்த வாரமே பெட்டி வந்து இறங்கியது. சிவப்பு நிறத்தில் இரண்டு உருளை, பளபளவென்று. சனிக்கிழமை முழுக்கத் திருமூர்த்தி வண்டிக்கடியில் கிடந்து மாட்டினான். அவன் முதுகில் அப்பியிருந்த கிரீஸைக் கலாவதி துணிபோட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள், ஆறு மாசத்தைத் தொடப்போகிற வயிற்றோடு குனிந்து. வண்டி ஆடவில்லை. மணியனை ஏற்றிக்கொண்டு லிவர்மோர் வரை போய்வந்தான். "வெண்ணெய் மாதிரி போகுது," என்று வந்து சொன்னார் மணியன், தானே மாட்டிய பெருமையோடு.

வெண்ணெய் மூன்று வாரம் தாங்கியது. மே மாதம் அதே சுனோல் மேட்டில், அதே கலாவதியை வைத்துக்கொண்டு, இரண்டு உருளையையும் மீறி வண்டி உதறியது. பக்கத்து லேனில் பெரிய லாரி. கலாவதி ஒரு கையால் வயிற்றையும் ஒரு கையால் கதவையும் பிடித்துக்கொண்டு கத்தினாளாம். வீட்டுக்கு வந்து ஸ்டூலை எடுத்துச் சமையலறையில் பழைய இடத்தில் வைத்துவிட்டாள். இனி அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று அர்த்தம்.

"சரி பண்ணுங்கன்னு சொன்னேங்கக்கா. குமுதினி வீட்டுக்காரர்கிட்ட குடுங்கன்னேன்."

"மாட்டேன்னுட்டானா?"

"அவர்கிட்டப் போனா அன்னைக்கு இருந்தவங்க அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருமாம். அவர் சொன்னதுதான் சரின்னு ஆயிருமாம். வித்திர்றேங்கறார்." கொஞ்சம் நிறுத்தி, மண்ணைப் பார்த்துச் சொன்னாள்: "ஸ்டெபிலைசர மட்டும் திரும்பப் புதுசா மாத்திருக்கார். இன்னும் பெருசா. ஒரு மாசத்துக்கு ஆட்டம் தெரியாதாம்."

வாங்க வந்தவன் சபரிநாதன். பொள்ளாச்சி. ஊரிலிருந்து வந்து ஐந்து மாசம் ஆகிறது, திருமூர்த்தியின் டீமிலேயே வேலை. மனைவி ரோஷினியும் இரண்டு வயசுக் குழந்தையும் அடுத்த மாசம் வருகிறார்கள், அவர்களை ஏர்போர்ட்டிலிருந்து இந்த வண்டியில் அழைத்துவர வேண்டும் என்பது அவன் ஆசை. திருமூர்த்தியை 'அண்ணா, அண்ணா' என்று சுற்றி வந்தான். ஓட்டிப் பார்த்தான், ஆடவில்லை. அவன் ஏன் சந்தேகப்படப் போகிறான். அண்ணனே சொல்கிறார்.

நான் மணியனிடம் சொன்னேன். "அந்தப் பையன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"நமக்கெதுக்கு? நாளைக்கு மூஞ்சிய மூஞ்சி பாக்கணும்."

இந்தத் தெருவில் யார் வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கு அணைகிறது என்பதுவரை பேசுகிறவர்கள் நாங்கள். ஒரு குடும்பத்தின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் மட்டும் திடீரென்று நாகரிகம் வந்துவிட்டது. எனக்கும்தான். ஃபோனை இரண்டு தடவை எடுத்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஒப்படைப்பதாக ஏற்பாடு. நாலரைக்கு ராகு காலம், அதற்குள் கிளம்ப வேண்டும் என்று சபரிநாதன் மூன்று மணிக்கே பழத்தோடும் பூவோடும் வந்துவிட்டான். டிரைவ்வேயிலேயே பூஜை. வண்டிக்கு மஞ்சள், குங்குமம், மாலை. நாலு சக்கரத்துக்கு முன்னாலும் நாலு எலுமிச்சம்பழம். ஜெயபிரகாஷ் வந்திருந்தான், நாங்கள் வந்திருந்தோம். சூடம் காற்றில் அணைந்து அணைந்து, கடைசியில் திருமூர்த்தி தன் உடம்பால் மறைத்துக்கொண்டு காட்டினான். மோசம் செய்கிற கையாலேயே ஆரத்தியும் காட்ட முடிகிறது சில பேருக்கு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், சூடப்புகையால் என்று மணியன் நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

சபரிநாதன் சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு கலாவதியைப் பார்த்துக் கைகூப்பினான்.

"அண்ணி, ரோஷினி இங்க இல்லீங்க. மாசமா இருக்கறவங்க மொதல்ல ஏறி உக்காந்தா ரொம்ப விசேஷம்னு எங்கம்மா ஃபோன்ல சொன்னாங்க. ஒரு ரவுண்டு, பார்க் வரைக்கும். நீங்களும் வாங்க."

கலாவதி புருஷனைப் பார்த்தாள். அவன் சூடத்தட்டைப் பார்த்தான். அவள் உள்ளே போய் ஸ்டூலை எடுத்துவந்து கதவுக்குப் பக்கத்தில் போட்டாள். ஒரு காலைத் தூக்கி வைத்தாள்.

"நீ எறங்கு," என்றான் திருமூர்த்தி.

"ஏனுங்க?"

"எறங்குன்னா எறங்கு."

"கூப்பிடறாரில்லீங்க. பார்க் வரைக்கும்தானே." இரண்டாவது காலையும் வைத்தாள். கதவுக் கைப்பிடியை எட்டிப் பிடித்தாள்.

திருமூர்த்தி தட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். முகம் வெளுத்திருந்தது.

"ஆட்டும் கலா. வேண்டாம். ஆட்டும்."

சபரிநாதன் சாவியையும் திருமூர்த்தியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஆட்டுங்களாண்ணா?" என்றான். கோபமாகக்கூட இல்லை, பாடம் கேட்கிற பையன் மாதிரி.

கலாவதி ஸ்டூலிலிருந்து இறங்கினாள். சபரிநாதன் சாவியை எஞ்சின் மூடிமேல் வைத்தான், மாலைக்குப் பக்கத்தில். "ரோஷினி கொழந்தையோட வர்றாங்கண்ணா," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தே பஸ் ஸ்டாப்புக்குப் போனான். அந்தத் தெருவில் பஸ்ஸுக்கு நடந்துபோன ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். யாரும் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லவில்லை, நாங்களும் சேர்த்து.

"சரி, கேசரி ஆறுது," என்றான் ஜெயபிரகாஷ். உள்ளே போய் எல்லோரும் கேசரி சாப்பிட்டார்கள்.

இதோடு முடிந்ததென்றால் பரவாயில்லை. அடுத்த வாரம் திருமூர்த்தி பேப்பரில் விளம்பரம் கொடுத்தான். பிக்கப், நல்ல நிலையில், புது டூயல் ஸ்டெபிலைசர். "நம்ம ஆளுங்க யாரும் வாங்கப் போறதில்ல, விடு," என்றார் மணியன், பெரிய தர்மம் நிலைநாட்டப்பட்டுவிட்ட நிம்மதியோடு. பேர் தெரியாத வெள்ளைக்காரனோ மெக்சிகோக்காரனோ சுனோல் மேட்டில் புரண்டால் அது செய்தி, நமக்கு அதில் பங்கு இல்லை. இந்த மனுஷனோடு இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

கலாவதி அப்படி விடவில்லை. புதன்கிழமை மத்தியானம், அவன் ஆபீசில் இருக்கும்போது, ஞானேஸ்வரனின் வேன் வந்து நின்றது. பத்து நிமிஷம் வண்டிக்கடியில் இருந்தார். இரண்டு சிவப்பு உருளைகளோடு வெளியே வந்தார். அவள் அவற்றைப் பழைய செய்தித்தாளில் சுற்றி வாங்கிக்கொண்டாள். நான் ஜன்னலை விட்டு வேலிக்கே போய்விட்டேன்.

"எதுக்குடி கழட்டினே?"

"ஆடறது ஆடட்டுங்கக்கா. வாங்கறவனுக்குத் தெரியட்டும்."

விளம்பரம் பார்த்து வந்த ஃபோனையெல்லாம் அவளே எடுத்தாள். வண்டி இருக்கிறது, ஐம்பதுக்கு மேல் ஆடும், டிராக் பார் ஓட்டை தேய்ந்திருக்கிறது என்று தன் இங்கிலீஷில் ஒவ்வொருவனுக்கும் ஒழுங்காகச் சொன்னாள். ஒருத்தனும் வரவில்லை. உருளைகளை எங்கே வைத்தாள் என்று அவன் வீடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. கிடைக்காது. எங்கள் கராஜில், அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்தன. மணியனுக்கும் தெரியாது.

வண்டி நகரவே இல்லை. சக்கரத்துக்கு முன்னால் வைத்த நாலு எலுமிச்சம்பழமும் வெயிலில் வெடித்து, பச்சையாய்ப் பூத்து, எறும்பு மொய்த்து அங்கேயே கிடந்தன. மாலை கருகி எஞ்சின் மூடியோடு ஒட்டிக்கொண்டது. குருவிகள் மேலே எல்லாம் அபிஷேகம் செய்து வைத்தன. அசையாத வண்டியை எடுக்கச் சொல்லி வீட்டுக்காரர்கள் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. யார் புகார் கொடுத்தார்கள் என்று திருமூர்த்தி ரொம்ப நாள் விசாரித்தான். விசாரிக்கட்டும்.

விற்கவும் வழியில்லை, நிறுத்தி வைக்கவும் வழியில்லை என்று ஆன பிறகு, ஜூன் கடைசியில் ஞானேஸ்வரனின் ஆள் இழுவை வண்டியோடு வந்தான். சங்கிலி இழுத்ததும் சக்கரம் உருண்டது, அழுகின பழம் நாலும் ஒவ்வொன்றாய் நசுங்கியது. அந்த நாற்றம் என் சமையலறைக்குள் வந்தது. திருமூர்த்தி மட்கார்டுக்குச் சேறு குழைப்பானே, அதே குழாயை எடுத்து டிரைவ்வேயைக் கழுவினான். கலாவதி வாசல்படியில் உட்கார்ந்து எங்கே இன்னும் விதை ஒட்டியிருக்கிறது என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஞானேஸ்வரன் சொன்னபடி வெல்ட் வைத்து, துளை போட்டு, இரண்டே நாளில் கொடுத்துவிட்டார். பழைய ஒற்றை ஸ்டெபிலைசரோடு வண்டி எழுபதில் போகிறது, ஆடவில்லை. கலாவதி அதில் இன்னும் ஏறவில்லை.

ஜூலையில் அவளுக்கு வளைகாப்பு. ஆண்கள் வழக்கம்போல் வெளியே, தட்டோடு, வண்டியைச் சுற்றி. நான் எலுமிச்சை சாதம் கொண்டுபோனபோது திருமூர்த்தி குனிந்து விரலைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தான்.

"ஸ்டெபிலைசர் சும்மா மாஸ்க் பண்ணும் மச்சி. ரூட் காஸ் இதுதான், டிராக் பார். நான் உக்காந்து ஸ்டடி பண்ணிக் கண்டுபிடிச்சேன்."

"நான் அப்பவே நெனச்சேன்," என்றான் ஜெயபிரகாஷ்.

பத்துப் பேரும் தலையாட்டினார்கள். ஞானேஸ்வரன் அன்றைக்கு வரவில்லை, கராஜில் வேலையாம். குமுதினி என் பக்கத்தில் தேங்காய்ப்பால் சொதிப் பாத்திரத்தோடு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இவைக்குச் சொதி விடட்டோ அக்கா, காணுமோ?" என்றாள்.

"காணும்," என்றேன், அவள் பாஷையிலேயே. போதும் என்று அர்த்தம். பாத்திரத்தை அவள் கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோய் மூடி வைத்தேன்.