பானை ஓட்டில் ஒரு சிலுவை

அப்பாவின் அகழாய்வில் கிடைத்து, கழுவிக் காய்ந்த பானை ஓடுகளுக்கு எண் போடுவதுதான் விடுமுறையில் சின்னவளின் வேலை. ஓட்டின் உட்புறத்தில் நிறமில்லாத நகப்பூச்சை ஒரு பொட்டளவு தடவி, காய்ந்ததும் அதன் மேல் மையால் எழுத வேண்டும். அவள் தடவினால் பூச்சு விளிம்பு தாண்டி வெளிப்புறமும் வழிந்துவிடும்.

"எண் போடச் சொன்னா ஓட்டைக் குளிப்பாட்டி விடுறியா?" என்று அண்ணன் கிண்டல் செய்வான்.

இன்று சாயங்காலம் அப்பா ஓர் ஓட்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார். பழைய துறைமுகத்தைத் தோண்டிய இடத்தில் கிடைத்தது. இந்தியாவில் வனைந்து, மிளகு ஏற்றி வந்த பானையின் துண்டு. அதன் வெளிப்புறத்தில் சின்னதாக ஒரு சிலுவைக் கீறல்.

"உங்கம்மா ஜெயிச்சுட்டாடா," என்றார்.

அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கி.பி. ஆரம்ப நூற்றாண்டுகளிலேயே இந்தியாவில் கிறிஸ்துவர்கள் இருந்தார்கள், சரக்கோடு அவர்களும் கடல் தாண்டி இந்த அயல்நாட்டுக் கரைக்கு வந்து போனார்கள் என்று கடைசிவரை வாதாடியவள் அவள். "புனித தோமா இந்தியாவுக்குப் போனாருன்னு எல்லாரும் சொல்றாங்க. அவர் பேச்சைக் கேட்டுக்கிட்டிருந்த பேர் தெரியாத ஆளுங்களைத்தான் நான் தேடுறேன்," என்பாள். ஆய்வாளர் கூட்டங்களில் சிரித்தார்கள். நாளைக்கு அதே ஆட்களும் பத்திரிகைக்காரர்களும் வருகிறார்கள்.

அப்பா குளிக்கப் போனதும் சின்னவள் லென்ஸை வைத்துப் பார்த்தாள். வெளிப்புறத்தில் அவள் வழியவிட்ட பூச்சு பளபளத்தது. சிலுவையின் ஒரு கோடு அந்தப் பூச்சையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு போயிருந்தது.

"அண்ணா, இது நான் எண் போட்ட பிறகு கீறினது."

அவன் பார்த்தான். லென்ஸைத் திருப்பிக் கொடுத்தான்.

"வாயைத் தொறக்காதே. யாரு இதையெல்லாம் பார்க்கப் போறாங்க? அம்மா பேரு நிக்கும்ல?"

"யாராவது பார்த்துட்டா? எனக்குப் பயமா இருக்குண்ணா. அப்பாவை ஜெயில்ல போட்டுடுவாங்களா?"

"லூசு, போய்ப் படு."

அவள் படுக்கவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டு வந்த அப்பாவிடம் லென்ஸை நீட்டினாள். விரல் தானாக அந்தப் பளபளப்பைக் காட்டியது. அப்பா குனிந்தார். நிமிரவேயில்லை.

"பூச்சு," என்றார் மெதுவாக. "இதைப் போய்ப் பார்க்காம விட்டுட்டேனே."

"ஏம்பா இப்படிப் பண்ணீங்க?"

"ஆஸ்பத்திரியில கடைசி நாள் கேட்டா. ஏதாவது கிடைச்சுதான்னு. இல்லைன்னு சொல்லிட்டேன்மா." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "அவ பார்த்திருந்தா கண்டுபிடிச்சிருப்பா, இல்ல?"

"கையில வாங்கினதுமே கண்டுபிடிச்சிருப்பாங்கப்பா."

அப்பா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அண்ணன் தடுக்கத் தடுக்கப் போனை எடுத்து அகழாய்வு இயக்குநரம்மாவை அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தார்.

"நாளைக்கு யாரையும் வரச் சொல்லாதீங்கம்மா. அந்தச் சிலுவை நான் கீறினது."

சின்னவள் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். உண்மையைச் சொல்லியாயிற்று, இனி திட்டட்டும், வேலையை விட்டு அனுப்பட்டும் என்று நினைத்தாள்.

இயக்குநரம்மா திட்டவில்லை. தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"அப்படின்னா சார்... உங்க மனைவி இத்தனை வருஷமா தோண்டி எடுத்துக் காட்டினதெல்லாம் நிஜம்தானா?"

சின்னவளுக்கு இது தோன்றவேயில்லை. அண்ணனுக்கும் தோன்றவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

"ஐயோ, அவ அப்படி இல்லீங்க," என்றார் அப்பா. இணைப்பு துண்டிக்கப்பட்டது. அப்பா போனைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தார். "அவ அப்படி இல்லீங்கம்மா. அவ அப்படி இல்ல."