தப்பால்காரனின் பழைய சைக்கிள்

தப்பால்காரன் அழகையாவின் இடது முழங்கால் போய்விட்டது என்பது நமுனுகுல மலைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவன் மனைவி பாக்கியலெட்சுமியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதே அவனுக்கு ஒரு தனி வேலையாக இருந்தது. பதினோரு வருஷமாக விடிந்ததும் தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பதுளைக்கு இறங்குவான். தபால் கந்தோரில் கடிதங்களை வாங்கிக்கொண்டு மலையேறி வருவான். ஏறும்போது கால் பொறுத்துக்கொள்ளும். இறங்கும்போதுதான் உயிர் போகும்.

புதுத் துரை வந்து மூன்று மாதம் ஆவதற்குள் ஓர் உத்தரவு போட்டார். தபால் பை பதினொரு மணிக்குள் ஆபீசு மேசைக்கு வந்தாக வேண்டும். முடியாவிட்டால் வேறு ஆள். அந்த வேறு ஆள் யாரென்று கேட்கவே வேண்டாம். பெரிய கங்காணியின் மச்சான் மாரிசாமி எப்போது பை கிடைக்குமென்று காத்துக்கொண்டிருந்தான்.

பை போனால் பையோடு போகாது. ஆபீசைக் கூட்டித் துடைக்கும் வேலை தப்பால்காரன் வீட்டுப் பெண்ணுக்கு என்பது அந்தத் தோட்டத்து வழக்கம். அந்த வேலை இருந்ததால்தான் இளைப்பு நோய்க்காரியான பாக்கியம் கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு பனியில் மலையேறாமல் இருந்தாள். போன மழைக்காலத்துக்கு முந்தின மழைக்காலத்தில், பறிக்க ஆள் போதவில்லை என்று அனுப்பிய ஒரே நாளில், கொழுந்து மலையிலிருந்து அவளைக் கட்டிலில் வைத்துத்தான் தூக்கிவந்தார்கள்.

"ஒரு சைக்கிள் வாங்கிடுங்க" என்று தன் காதுத் தண்டட்டியைக் கழற்றிக் கொடுத்தவள் அவள்தான். "எறக்கத்துல கால ஊணாம போயிடலாம்ல. ஏத்தத்துல தள்ளிக்கிட்டு வாங்க. புதுசாவே வாங்குங்க. நீங்க இன்னும் ஏறியே பாக்காத ஆளு."

பதுளைக் கடைவீதியில் இப்றாஹீம் முதலாளியின் கடையில் இரண்டு சைக்கிள் இருந்தன. ரயில் பதுளை வரை வராமல் பண்டாரவளையோடு நின்றிருந்த காலம் அது. புதியது அங்கிருந்து மாட்டுவண்டியில், வைக்கோலில் சுற்றி வந்தது. மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தன்பாட்டுக்கு ஓடும். இரண்டு சக்கரத்துக்கும் பிரேக். பழையது சீமைக்குத் திரும்பிப்போன யாரோ ஒரு துரை விற்றது. அதில் சக்கரம் சுற்றினால் மிதியும் சுற்றும். முன் டயரை மேலிருந்து அமுக்குகிற ஒரே ஒரு ரப்பர் கட்டைதான் பிரேக்.

"அழகையா, நீங்க பழகப் போற ஆள்" என்றார் இப்றாஹீம். "இது பழகினவன் ஓட்டுற சாமான். மலையில இது ஓடத் தொடங்கினா நீங்க சொல்றத கேக்காது. தண்டட்டி வித்த காசு புதுசுக்கே காணும். புதுச எடுங்க."

விற்கிறவனே இவ்வளவு சொன்னான். ஆனால் அழகையாவின் கண் புதியதன் கறுப்பு மினுமினுப்பைப் பார்த்தது, மனம், விடியலில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தைப் பார்த்தது. கணக்கப்பிள்ளையிடமே துருப்பிடித்த சைக்கிள்தான். பெரிய கங்காணி இன்னும் நடந்துதான் போகிறார். அவர்கள் கண்முன்னால் லயத்தில் குடியிருக்கும் கூலியாள் ஒருவன் பளபளவென்று புதுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தால் என்ன சொல்வார்கள்? கொழுப்பு என்பார்கள். எங்கிருந்து வந்தது காசு என்பார்கள். துரை காதுக்கும் போகும்.

"பழசே போதுங்க மொதலாளி. நமக்கு எதுக்கு அந்தப் பவுசு" என்றான். பணிவாக நடந்துகொண்ட திருப்தி அவனுக்கு. பாவி மனுஷன், சைக்கிள் வாங்கப் போன இடத்திலும் கைகட்டிக்கொண்டே நின்றான்.

பாக்கியம் பழைய சைக்கிளைச் சுற்றி வந்து அந்த ஒற்றைப் பிரேக்கை அமுக்கிப் பார்த்தாள். பிறகு, "ஊருக்குப் பயந்து வாங்கியிருக்கீங்க" என்றாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆற்றோரச் சமதரையில் பழகினான். இப்றாஹீமின் கடையாள் ஸஹாப்தீன் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினார். மூன்றாவது ஞாயிறு பிடியை விட்டார், அழகையா விழவில்லை. சமதரையில் மிதி மெதுவாகச் சுற்றும், மெதுவாக நிற்கும், அவனும் மெதுவாக இறங்குவான். அவனுக்குச் சைக்கிள் வந்துவிட்டது என்று அவன் நினைத்தான்.

முதல் இரண்டு நாள் இறக்கங்களில் தள்ளிக்கொண்டே போனான். இரண்டு நாளும் பதினொன்று தாண்டிவிட்டது. "நாளைக்கும் இப்படின்னா பார்த்துக்க" என்றார் பெரிய கங்காணி. மூன்றாம் நாள், தூறல் விழுந்துகொண்டிருந்த காலையில், இறக்கத்தில் சைக்கிள்மேல் ஏறி உட்கார்ந்தான்.

தோட்டத்துச் சட்டம் எழுதிவைத்ததில்லை. ஆனால் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். துரை வந்தால் குடையை மடக்க வேண்டும், தலைத்துண்டை எடுக்க வேண்டும், மழைத்தண்ணீர் ஓடும் கான் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். வண்டியில் இருப்பவன் இறங்கிவிட வேண்டும். பதினோரு வருஷத்தில் அழகையா அதில் ஒரு நாளும் தவறியதில்லை.

பீலித் தண்ணீர் விழும் வளைவில் துரையின் குதிரைத் தலை தெரிந்தது.

அழகையா பிரேக்கை அமுக்கினான். ஈர டயரில் ரப்பர் வழுக்கியது. மிதி அவன் காலைத் தட்டிவிட்டுத் தன்பாட்டுக்குச் சுழன்றது. கால்களை அகட்டி வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. தலைத்துண்டை எடுக்கலாமென்றால் ஒரு கையை விட வேண்டும். விட்டால் பள்ளம். துரையின் முகத்துக்கு நேரே, தலைத்துண்டோடு, கால்களை விரித்துக்கொண்டு, ராஜா மாதிரி உட்கார்ந்தபடி அவன் பறந்து போனான். குதிரை மிரண்டு மேட்டில் ஏறியது. அதற்கப்புறம் கால் மைல் தள்ளி மானாப் புல்லில் விழுந்து எழுந்தபோது அவனுக்கு அடி வலிக்கவில்லை. வளைவைத் திரும்பிப் பார்த்தபடி தலைத்துண்டை அவிழ்த்தான்.

மறுநாள் பெரட்டில் முந்நூறு பேர் முன்னால் அவனை நிறுத்தினார்கள்.

"தொரைய பார்த்தும் எறங்கலைங்க. திமிருங்க" என்றார் பெரிய கங்காணி.

துரை அவனையே பார்த்தார். "நீ ஏன் எறங்கல?"

திமிர் என்று ஒத்துக்கொண்டால் தோட்டத்தை விட்டே போக வேண்டியதுதான். உண்மையைச் சொன்னால் லயத்தில் இருக்க இடமாவது மிஞ்சும். பெண்கள் வரிசையில் பாக்கியம் முந்தானையால் வாயை மூடி இருமலை அடக்கிக்கொண்டு நிற்பதை அவன் பார்த்தான்.

"நிறுத்தத் தெரியலைங்க தொரை" என்றான்.

துரை கோபிக்கவில்லை. கோபித்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். "நிறுத்தத் தெரியாத ஆளுக்குத் தப்பால் பை வேணாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார். அன்றே பை மாரிசாமியின் தோளுக்குப் போயிற்று. துடைப்பம் மாரிசாமியின் பெண்டாட்டி கைக்குப் போயிற்று.

மறுவாரமே மாரிசாமி இப்றாஹீம் கடையிலிருந்த அந்தப் புதுச் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். ஒருவரும் கொழுப்பு என்று சொல்லவில்லை. எங்கிருந்து வந்தது காசு என்று கேட்கவில்லை. "தப்பால்காரன்னா இப்படி இருக்கணும்" என்று பெரிய கங்காணி நாலு பேரிடம் சொல்லிக்கொண்டார். துரையே நின்று பார்த்துத் தலையாட்டினாராம்.

அழகையாவைக் கான் வெட்டப் போட்டார்கள். ஒருநாள் காலை அதே பீலி வளைவில், கானுக்குள் முழங்காலைத் தாங்கித் தாங்கி மண் அள்ளிக்கொண்டிருந்தான். மேலே கொழுந்து மலையிலிருந்து இருமல் கேட்டது. முப்பது பெண்களுக்கு நடுவிலும் அது யாருடையது என்று அவனுக்குத் தெரியும். துரையின் குதிரை வந்தது. அழகையா துண்டை எடுத்தான். மேலேயிருந்து வந்த மாரிசாமி இரண்டு பிரேக்கையும் பிடித்தான். சைக்கிள் சொன்ன பேச்சுக் கேட்டு நின்றது. இறங்கினான், சலாம் வைத்தான், துரை போனதும் ஏறினான். அவ்வளவுதான். அவ்வளவு சின்னக் காரியம் அது.

அழகையா துண்டை மறுபடி தலையில் கட்டிக்கொண்டு குனிந்தான். தலைக்கு மேலே சைக்கிள் மணி அடித்தது. நிமிர்வதற்குள் அவன் கை தானாகப் போய்த் துண்டை அவிழ்த்துவிட்டது. மாரிசாமி அவன் பக்கம் திரும்பாமல் கடந்துபோனான். அவிழ்த்த துண்டைக் கையில் பிடித்தபடி அழகையா கானுக்குள் நின்றான். மேலே இருமல் நின்றிருந்தது. பாக்கியம் கூடையோடு வரப்பில் நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.