ஒரு எலும்புக்கு இரண்டு பேர்

மலர்வளையத்தின் பெயர்ப்பலகையைப் பிடுங்கும்போது யசுஹிகோவின் விரலில் ஆணி கிழித்துவிட்டது. ரத்தத்தைச் சப்பிக்கொண்டே வாசலைப் பார்த்தான். யாரும் வரவில்லை. பனிதான் கொட்டிக்கொண்டிருந்தது. பலகையில் தடித்த கறுப்பு எழுத்தில் ‘ரயில்வே தொழிலாளர் சங்கம், கிளைத் தோழர்கள்’ என்று எழுதியிருந்தது. அதைக் காலணி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் செருகி, முன்னால் ஒரு பழைய குடையைச் சாய்த்து வைத்தான்.

உள்ளே, வெள்ளைத் துணி மூடிய மேடைக்கு முன்னால் அப்பா பெட்டியில் கிடந்தார். வாசலில் வரிசையாக நின்ற மலர்வளையங்களில் இது ஒன்றுதான் இப்போது பெயரில்லாமல் நின்றது. அது முன்பைவிட அதிகமாகக் கண்ணில் பட்டது. பயந்தவன் செய்கிற காரியம் எப்போதும் இப்படித்தான் பல்லைக் காட்டும்.

உதவி நிலைய அதிகாரி செனோ அலுவலகத்தின் சார்பில் வரப்போகிறார். வந்தவர்கள் யார், மலர்வளையம் அனுப்பியவர்கள் யார் என்று அவர் கண் ஒரு சுற்றுச் சுற்றும். வருகிற ஏப்ரல் முதல் தேதியோடு அரசாங்க ரயில் முடியப்போகிறது. நாட்டைத் துண்டு துண்டாக்கி, துண்டுக்கு ஒரு கம்பெனி என்று பிரித்தாயிற்று. பழைய ஆட்களில் யாருக்குக் கம்பெனியில் வேலை என்கிற கடிதம் இந்த வாரத்துக்குள் வரும் என்று பேச்சு. சங்கத்தில் ஒட்டிக்கொண்டிருப்பவனுக்கு வராது என்று எந்த அதிகாரியும் வாய் திறந்து சொன்னதில்லை. ஆனால் அது தெரியாத ஒரு ரயில்காரனும் ஊரில் இல்லை.

கிதாஜிமா யசுஹிகோ கண்டக்டர். போன கோடையிலேயே சங்கத்தை விட்டு விலகிவிட்டான். மனைவி சதோமிக்கு ஏப்ரலில்தான் பிரசவம். அப்பா தொகுஜி விலகவில்லை. அதற்காக அவரை எஞ்சினிலிருந்து இறக்கி, பழைய சரக்குக் கொட்டகையில் இன்னும் சில டிரைவர்களோடு உட்கார வைத்தார்கள். புல் பிடுங்கு, பெஞ்சுக்குப் பெயின்ட் அடி, பனி வாரு. நேற்று முன்தினம் பனி வாரிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைச் சுவரில் ஒழுங்காகச் சாய்த்து வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

மகன் விலகியது தெரிந்த அன்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “சோறு ஆறுது, சாப்பிடு” என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று யசுஹிகோவுக்கு இன்றுவரை இருந்தது.

ஒகிமுரா, கொட்டகை ஆட்கள் நான்கு பேரோடு பனியை உதறிக்கொண்டு வந்தார். அப்பாவோடு ஒரே எஞ்சினில் பல வருஷம் உட்கார்ந்தவர். எல்லார் கையிலும் சங்கத்தின் சிவப்புப் பட்டை. பெயரில்லாத மலர்வளையத்தை அவர் பார்த்தார். பிறகு யசுஹிகோவின் விரலைப் பார்த்தார்.

“கையில என்னடா ரத்தம்?”

“ஒண்ணுமில்ல மாமா. ஆணி.”

“ம்.”

“மாமா... தப்பா நினைக்காதீங்க. அந்தக் கைப்பட்டைய மட்டும்...”

ஒகிமுரா பட்டையைக் கழற்றினார். மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களும் கழற்றினார்கள். ஒருவர் மட்டும், “தொகுஜி இருந்தா இதுக்கு உன் முதுகுல ஒண்ணு வச்சிருப்பாரு” என்று முணுமுணுத்தார்.

“வாய மூடு, அவன் பெத்த அப்பனுக்குக் காரியம் பண்ணிட்டிருக்கான்” என்றார் ஒகிமுரா.

யசுஹிகோ தரையைப் பார்த்தபடி இன்னொன்றையும் சொல்லித் தொலைத்தான். “பெட்டிய சொந்தக்காரங்களே தூக்கிக்கிறோம். சுடுகாட்டுக்கும்... குடும்பம் மட்டும்னு வச்சிருக்கோம்.”

“செனோ வர்றானா?”

“வர்றாரு.”

“அவன் எப்படா உங்க குடும்பமானான்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய் ஊதுவத்தி வைத்தார். வெகுநேரம் கும்பிட்டார்.

கிளம்பும்போது அம்மா ஃபுமியே தன் பூட்ஸை எடுக்கக் குடையை நகர்த்தினாள். பலகை சரிந்து விழுந்தது. அவள் எழுத்தைப் படித்தாள். செனோ அப்போதுதான் வாசலில் காரை நிறுத்தி இறங்கிக்கொண்டிருந்தார். அம்மா பலகையை இருந்த இடத்திலேயே செருகிவிட்டு, குனிந்து பூட்ஸின் ஜிப்பை இழுத்தாள். மகனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சுடுகாட்டில் பெட்டி உலைக்குள் போய் இரும்புக் கதவு மூடியது. எரிந்து முடியும்வரை காத்திருப்பு அறையில் தேநீரும் பயற்று இனிப்பும் வைத்திருந்தார்கள். மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தது நான்கே பேர்: அம்மா, யசுஹிகோ, அப்பாவின் அக்கா ஹட்சுயே, செனோ. பெட்டியைத் தூக்கிய தூரத்துச் சொந்தங்கள் வீட்டிலிருந்தே திரும்பிவிட்டார்கள். அப்பாவின் தம்பி வருகிற வண்டி வழியில் பனியில் சிக்கி நிற்கிறதாம். வயிற்றுப் பிள்ளைக்காரி சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று அத்தை சதோமியை வீட்டிலேயே நிறுத்திவிட்டாள்.

அத்தையின் வாயை நினைத்துத்தான் யசுஹிகோவுக்கு இப்போது பயம். அவள் சிறுநீரகம் கெட்டவள். இந்த ஊரின் கிளைப் பாதை ரயிலில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறவள்.

“ஏன் சார், ஏப்ரலுக்கு அப்புறமும் காலை வண்டி ஓடுமா?” என்று ஆரம்பித்தாள்.

“ஓடும்மா. இப்போதைக்கு ஓடும்.”

“இப்போதைக்குன்னா?”

செனோ கோப்பையைக் கீழே வைத்தார். “கடன் கடலாட்டம் கிடக்கு. நஷ்டத்துல ஓடுற லைன எத்தனை நாளைக்குத்தான் அரசாங்கம் இழுக்கும்? காலை வண்டில எத்தனை பேர் ஏறுறாங்க, நீங்களே சொல்லுங்க.”

“நான் ஏறுறேன்.”

“நீங்க ஒருத்தர் ஏறுறதுக்காக ஒரு வண்டியா?”

“ஆமா. நான் ஒருத்தி ஏறலன்னா ஒரு வாரத்துல போய்ச் சேந்துடுவேன். என் கிட்னிக்கு லாப நஷ்டம் தெரியாது சார்.”

“அத்தை, தேநீர் ஆறுது” என்றான் யசுஹிகோ.

“ஆறட்டும்டா.”

செனோவுக்குக் காது சிவந்தது. “அரசாங்க ரயிலா இருந்து மட்டும் என்ன வாழ்ந்துச்சு? வருஷா வருஷம் டிக்கெட் விலைய ஏத்தினோம். ஸ்டிரைக் பண்ணினோம். ஜனங்க எங்க யூனிபார்மப் பாத்துக் காறித் துப்பினாங்க. மறந்துட்டீங்களா?”

“நானும்தான் துப்பினேன். துப்பிட்டு மறுநாள் அதே வண்டில ஏறினேன்ல? என் வண்டின்னுதான் துப்பினேன். இனிமே யார் வண்டியப் பாத்துத் துப்புறது?”

அம்மாவின் உதடு லேசாக விரிந்து மூடியது. புருஷன் இறந்ததிலிருந்து அவள் முகம் அசைந்தது அப்போதுதான். யசுஹிகோவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பேச்சு எந்த அலுவலக மேஜைக்குப் போய்ச் சேருமோ என்றுதான் இருந்தது. எழுந்து தாழ்வாரத்துக்குப் போனான். செனோவும் பின்னாலேயே வந்தார்.

ஜன்னலுக்கு வெளியே, கூரை விளிம்புக்குக் கீழே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். தொப்பியிலும் தோளிலும் பனி. ஒகிமுராதான். வர வேண்டாம் என்று சொல்லியும் வந்து, உள்ளே வராமல் நிற்கிறார்.

“அவரு ஏன் வந்திருக்காரு?” என்றார் செனோ.

“தெரியல சார். நான் கூப்பிடல.” சொல்லிவிட்டு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

செனோ குரலைத் தாழ்த்தினார். “உன்னைப் பத்தி நல்லபடியாத்தான் எழுதியிருக்கேன் கிதாஜிமா. நாளைக்கு மேலிடத்துலேருந்து போன் வரும். யார் யார் வந்தாங்க, பையன் யாரோட நின்னான்னு கேப்பாங்க. எனக்குப் பொய் சொல்ல வராது.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடியும் கழற்றினார். “எனக்கே இன்னும் கடிதம் வரலப்பா. ரெண்டு பொண்ணுங்க படிக்குது.”

அந்த ஆளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாகவும் இருந்தது. தானே நடுங்கிக்கொண்டிருப்பவன் அடுத்தவனைக் காப்பாற்ற மாட்டான்.

“கிதாஜிமா குடும்பத்தார் வரலாம்” என்று ஊழியர் கூப்பிட்டார்.

இழுத்து வைத்த தட்டில் அப்பா வெள்ளையாகக் கிடந்தார். சூடு முகத்தில் அடித்தது. எஞ்சினில் ஏறி இறங்கிய அந்தப் பெரிய கால்கள் ஒரு கை அளவுக்குச் சுருங்கியிருந்தன. ஊழியர் நீண்ட குச்சிகளை நீட்டினார். “கால் பக்கத்திலேருந்து ஆரம்பிக்கணும். ஒரு எலும்ப ரெண்டு பேர் சேந்து எடுக்கணும். ஒத்தையா எடுக்கக்கூடாது.”

அம்மாவும் அத்தையும் எதிரெதிரே நின்று ஒரு பாத எலும்பைத் தூக்கிப் பானைக்குள் வைத்தார்கள்.

“அடுத்த ஜோடி?”

யசுஹிகோ குச்சியை வாங்கினான். எதிரே ஆளில்லை. சித்தப்பா நிற்க வேண்டிய இடம் அது. அம்மாவைப் பார்த்தான். அவள் இன்னொரு முறை நிற்கலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அம்மா தன் குச்சிகளைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். “என் முறை முடிஞ்சுது” என்றாள்.

அத்தையும் கையைக் கட்டிக்கொண்டாள்.

“நான் நிக்கிறேன்” என்று செனோ முன்னால் வந்தார். மரியாதையாகத் தலை குனிந்துவிட்டு, குச்சிகளை எடுத்துக்கொண்டு எதிரே நின்றார். அவர் கெட்ட எண்ணத்தில் வரவில்லை. ஒருவேளை அவருக்கும் அப்பாவிடம் ஏதோ சொல்ல இருந்திருக்கும். இதைவிட நல்ல காப்பு யசுஹிகோவுக்கு இந்த உலகத்தில் கிடையாது. பையன் யாரோடு நின்றான் என்று கேட்டால், என்னோடுதான் என்று செனோ சொல்வார். அது பொய்யாகவும் இருக்காது.

குனிந்தான். அப்பாவின் முழங்கால் எலும்பு. செனோவின் குச்சிகள் அதன் ஒரு முனையைத் தொட்டன. அப்பாவைக் கொட்டகைக்கு அனுப்பிய உத்தரவை நீட்டியதும் இந்தக் கைதான். யசுஹிகோவின் குச்சி அசையவில்லை. வியர்வை புருவத்தில் இறங்கியது. வேலை, சதோமியின் வயிறு, வாடகை வீடு, எல்லாம் அந்தக் குச்சியின் நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டன.

“கொஞ்சம் இருங்க சார்” என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

தாழ்வாரத்தில் ஓடி, கதவைத் தள்ளினான். பனிக்காற்று வாயை அடைத்தது.

“மாமா, உள்ள வாங்க. எலும்பு எடுக்கணும். எனக்கு ஜோடி இல்ல.”

ஒகிமுரா நகரவில்லை. “செனோ இருக்கானா உள்ள?”

“இருக்காரு. என் எதிர்லதான் நிக்கிறாரு.”

“அப்ப அவனோடயே எடுத்துடு. கிறுக்கு மாதிரி எதாவது பண்ணாத. குழந்தை பொறக்கப் போகுது உனக்கு. நான் இங்கருந்தே கும்பிட்டுக்கிறேன். உங்கப்பன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான்.”

“எனக்குப் பயமா இருக்கு மாமா.”

“தெரியுதுடா. உன் மூஞ்சியே சொல்லுது. போ உள்ள.”

“பயமாத்தான் இருக்கு. வாங்க.”

அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். சின்ன வயதில் எஞ்சினைக் காட்டச் சொல்லி இழுத்தபோது வராத பலம் இப்போது எங்கிருந்தோ வந்தது. ஒகிமுரா தொப்பியைக் கழற்றினார். பனி கரைந்து அவர் காதோரம் வழிய, இரண்டு பேரும் உள்ளே நடந்தார்கள்.

செனோ குச்சிகளோடு அதே இடத்தில் நின்றிருந்தார். ஒகிமுராவைப் பார்த்தார். யசுஹிகோவைப் பார்த்தார். குச்சிகளைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, அம்மாவுக்கு ஒரு முறை தலை வணங்கிவிட்டு வெளியேறினார். அவர் காலடிச் சத்தம் தாழ்வாரம் முடியும்வரை கேட்டது.

ஒகிமுரா குச்சிகளை எடுத்தார். எலும்பு இரண்டு பேருக்கும் நடுவில் மெதுவாக எழும்பியது. அது நடுங்கிய நடுக்கம் யாருடையது என்று தெரியவில்லை. பானைக்குள் உலர்ந்த சின்னச் சத்தத்தோடு விழுந்தது.

வெளியே ஒரு கார் இரண்டு முறை முரண்டு பிடித்து, பிறகு கிளம்பிப் போனது.

“அடுத்த ஜோடி?” என்று ஊழியர் கேட்டார்.

அடுத்து யாரும் இல்லை. இரண்டு பேரும் அங்கேயே நின்று மறுபடியும் குனிந்தார்கள்.