கேப்டன் செபஸ்தியான் பேரில் ஓர் அறை

கல்யாணப் புடவை எடுக்கத் தி. நகருக்குப் போன அன்று, கடையில் பில்லோடு ஒரு கூப்பனையும் கொடுத்தார்கள். குலுக்கலில் முதல் பரிசு விழுந்தால், மயிலாப்பூரில் ஒரு பழைய பங்களா ஓட்டலில் புதுமணத் தம்பதி இரண்டு நாள் தங்கலாம். பெயர், முகவரி எல்லாம் எழுதிய செபஸ்தியான், தொழில் என்ற இடத்தில் 'கப்பல் கேப்டன்' என்று எழுதினான்.

"கட்டுமரத்துக்கு இன்னா கேப்டனு? அடிச்சிடு," என்றாள் டயானா.

"தண்ணி மேல போவுதா இல்லியா? அப்போ கப்பல்தான்," என்று சொல்லிப் பெட்டிக்குள் போட்டுவிட்டான்.

அது 1994 ஆகஸ்டு மாதம். செப்டம்பரில் சாந்தோமில் கல்யாணம் நடந்தது. நவம்பரில் ஒருநாள் விடியுமுன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. கூடப் போன முனியனை வேறொரு கட்டுமரத்துக்காரர்கள் உயிரோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். செபஸ்தியான் மூன்றாம் நாள் பட்டினப்பாக்கம் பக்கம் பிணமாகக் கரை ஒதுங்கினான்.

அவர்கள் குடியிருந்த நொச்சிக்குப்பத்தில் அதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. "புதுசா வந்தவ பீரோ வோணும்னு கேட்டாளாம். கெட்ட காத்துல புருசன தொரத்தி வுட்டுட்டா," என்று தண்ணீர்க் குழாயடியில் ஆரம்பித்த பேச்சு மீன் விற்கும் ரோடு வரைக்கும் போனது. டயானா பீரோ கேட்டதில்லை. அன்று அவள் எழுந்தபோது பக்கத்துப் பாய் காலியாக இருந்தது, அவ்வளவுதான். வழக்கமாக அவளை எழுப்பிச் சொல்லிவிட்டுப் போகிறவன் அன்று ஏன் சொல்லாமல் போனான் என்றுதான் அவள் இரவும் பகலும் யோசித்தாள். முந்தின நாள் அவன் பாடியதைக் கேட்டுச் சிரித்தது தப்போ என்றுகூட நினைத்துப் பார்த்தாள்.

மாமியார் லூர்தம்மா ரோட்டோரம் மீன் விற்பவள். அவள் குரல் நாலு தெருவுக்குக் கேட்கும். மகன் போன பிறகு அந்தக் குரல் வீட்டுக்குள் அடங்கிப்போனது. மருமகளிடம் "சோறு போட்டுக்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

டிசம்பர் கடைசியில், 'கேப்டன் செபஸ்தியான் – திருமதி டயானா' என்று டைப் அடித்த கவர் வந்தது. முதல் பரிசு அவர்களுக்குத்தான். கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு டயானா கிழிக்கப் போனாள். லூர்தம்மா எட்டி வாங்கிக்கொண்டாள்.

"போலாம்," என்றாள்.

"யாரு அத்த?"

"நீயும் நானும்."

லஸ்ஸுக்குப் பின்னால் மரங்கள் அடர்ந்த ஒரு சந்தில் இருந்தது அந்த ஓட்டல். வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா. மொத்தமே ஒன்பது அறைகள். வாசலில் மேனேஜர் மாணிக்கவாசகம் இரண்டு ரோஜா மாலைகளோடு நின்றிருந்தார். ஆட்டோவிலிருந்து ஒரு துணிப்பையோடு இறங்கிய இரண்டு பெண்களையும் பார்த்துவிட்டு, தெருமுனை வரை கண்ணை ஓட்டினார்.

"கேப்டன் சார் பின்னால வர்றாருங்களா?"

"வரமாட்டான் சார். தவறிட்டான்," என்றாள் லூர்தம்மா. "நான் அவன் அம்மா. இது அவன் பொண்டாட்டி. தங்கக் கூடாதுன்னா சொல்லிடு, போயிடறோம்."

மாணிக்கவாசகம் மாலைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "ரூம் அவர் பேர்ல இருக்கும்மா. வாங்க," என்று பையைத் தானே வாங்கிக்கொண்டு மாடியேறினார்.

அறைக்கதவைத் திறந்ததும் அவர்தான் முதலில் திகைத்தார். தேக்குக் கட்டிலின் வெள்ளை விரிப்பில் ரோஜா இதழ்களால் இதயம் வரைந்து வைத்திருந்தார்கள். அவர் யாரையும் கூப்பிடவில்லை. விரிப்பின் நான்கு முனைகளையும் பிடித்து, ஓர் இதழ்கூடக் கீழே விழாமல் மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்.

லூர்தம்மா கட்டிலில் உட்காரவில்லை. கறுப்பும் வெள்ளையுமாக இருந்த தரையில் முந்தானையை விரித்துச் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஏசி குளிருக்குக் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். இரவு கீழே சாப்பாட்டுக் கூடத்தில் பெரிய தட்டில் எலுமிச்சைத் துண்டோடு மீன் வந்தது. விரலால் ஓர் அழுத்து அழுத்திப் பார்த்தாள்.

"இன்னா மீனுன்னு சொன்னானுங்க?"

"வஞ்சிரம்மா," என்றார் பரிமாறியவர்.

"நாலு நாளு ஐஸ்ல கெடந்தது. இனிமே வாங்கறதுக்கு முன்னாடி செவுள தூக்கிப் பாருங்கோ."

டயானாவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே தட்டைத் தள்ளி வைத்தாள். எழுந்து அறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் டயானா ஜன்னல் வழியாகத் தோட்டக்காரர் குழாய் பிடித்துத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டயானா, இங்க பேசினா வெளிய கேக்குமா?"

"கேக்காது அத்த. செவுரு கெட்டியா கீது."

லூர்தம்மா எழுந்து போய்க் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தாள்.

"நீ பீரோ கேக்கல."

"நான் ஒண்ணுமே கேக்கல."

"தெரியும். அன்னிக்கு அவன் போமாட்டேன்னுதான் சொன்னான். காத்து சரியில்லம்மா, நாளைக்குப் போறேன்னான். நான்தான் தட்டி எழுப்பினேன். பொண்டாட்டி வந்ததும் கட்டுமரம் ஏற பயமாயிடுச்சா, குப்பமே சிரிக்குதுடான்னேன்." அவள் தரையைப் பார்த்தபடி பேசினாள். "எழுந்து உன்னப் பாத்தான். உன்ன எழுப்ப வந்தான். அவ தூங்கட்டும், நீ கெளம்புன்னு அதையும் நான்தான் தடுத்தேன்."

டயானா ஜன்னலை விட்டுத் திரும்பினாள்.

"ஊரே என்னியச் சொல்லிச்சே அத்த. நீ கேட்டுக்கினுதான இருந்த?"

"கேட்டுக்கினுதான் இருந்தேன்."

"ஏன்?"

"நீ சின்னவ. எங்கனா போயி பொழச்சிப்ப. எனக்கு அந்தக் குப்பத்த வுட்டா வேற எடமில்ல. அப்டி நெனச்சேன்." லூர்தம்மாவின் குரல் உடைந்தது. "வூட்ல சொல்லலாம்னு எத்தினி தபா வாயத் தொறந்தேன். ஓலத் தட்டிதான் செவுரு, அதுக்கு அந்தாண்ட ஆளு. அதுக்கும் அந்தாண்ட கடலு. அந்தச் சத்தம் காதுல வுழும்போது எனக்குப் பேச்சே வரல."

டயானா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெள்ளைத் தொட்டியின் இரண்டு குழாய்களையும் திறந்துவிட்டு அதன் விளிம்பில் உட்கார்ந்தாள். அவன் கோபித்துக்கொண்டு போகவில்லை. தன்னை எழுப்பத்தான் வந்திருக்கிறான். எழுப்பியிருந்தால் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பாளே. தொட்டி நிரம்பிக் காலில் வழிந்தபோதுதான் குழாயை மூடினாள்.

வெளியே வந்து ஒன்றுதான் கேட்டாள். "சாப்ட்டுப் போனானா?"

"பழஞ்சோறு போட்டு வெச்சேன். தொடல."

டயானா தன் துணிகளை மட்டும் பையிலிருந்து எடுத்து ஒரு துண்டில் சுற்றிக்கொண்டாள். "நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன்," என்றாள். லூர்தம்மா தடுக்கவில்லை. மாணிக்கவாசகம் சொல்லிவிட்ட ஆட்டோவில் அடையாறு போய், அங்கிருந்து கோவளம் பஸ் ஏறினாள்.

அன்றிரவு அந்த அறையில் லூர்தம்மா தனியாகத் தங்கினாள். காலையில் நடந்தே குப்பத்துக்குப் போனாள். நேராகக் குழாயடியில் நின்று, மீன் கூவுகிற அதே குரலில், "என் புள்ளய அனுப்பினது நான்தான். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல," என்று நடந்ததையெல்லாம் சொன்னாள்.

யாரும் நம்பவில்லை. மருமகள் பேரைக் காப்பாற்றப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள் என்றார்கள். "உன்ன மாதிரி மாமியா எங்க கெடைக்கும்?" என்று ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல அவளுக்கு மரியாதை கூடியது. கூடையைத் தலையில் தூக்கிவிட நாலு பேர் ஓடி வந்தார்கள். அவளால் அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

இரண்டு தடவை கோவளத்துக்குப் போனாள். இரண்டு தடவையும் டயானா வெளியே வரவில்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாளன்று டயானா வந்தாள். செபஸ்தியானின் குழியோரம் லூர்தம்மா புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஓர் ஆண்டுக்குள் பாதியாக இளைத்திருந்தாள். டயானா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மெழுகுவர்த்தியைக் காற்றுக்கு மறைத்து ஏற்றினாள்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்," என்றாள் லூர்தம்மா தலை நிமிராமல். "ஒருத்தரும் நம்ப மாட்டேன்றாங்கோ."

மெழுகு உருகி மண்ணில் வழிவதை டயானா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் நம்பறேன் அத்த," என்றாள்.

லூர்தம்மா புல்லை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். மகன் போன பிறகு அன்றுதான் அவள் வாய்விட்டு அழுதாள். டயானா அவளைத் தொடவில்லை. எழுந்து போகவும் இல்லை. அழுது ஓயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, இருட்டுவதற்குள் பஸ் பிடிக்கக் கிளம்பினாள்.