பென்சிலில் எழுதிய தாள்

ஆய்வேட்டின் அறுபத்திரண்டாம் பக்கத்தில் நான் முன்பு வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் பெயரைப் பார்த்ததும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. சிதம்பரத்தில் எம்.எட். வார இறுதி வகுப்பு. அச்சில் வந்தது என்பதற்காக எந்த ஆய்வையும் நம்பிவிடாதீர்கள் என்று சொல்லி, பேராசிரியர் செந்தமிழ்செல்வன் ஆளுக்கொரு ஆய்வேட்டைக் கொடுத்திருந்தார். தரவு எங்கிருந்து வந்தது, முடிவு அதிலிருந்துதான் வருகிறதா என்று கேட்டு மதிப்பீடு எழுத வேண்டும். எனக்கு வந்தது குமராட்சிப் பக்கத்துப் பிள்ளைகளின் வாசிப்புத் திறன் பற்றியது, 2008இல் எடுத்தது. அதன் முடிவு: திறன் சராசரிக்கு மேல். தனி வாசிப்பு வகுப்பு தேவையில்லை.

தரவு எங்கிருந்து வந்தது என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நான்தான் எழுதினேன். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த வாரம் அது. பிள்ளைகள் யாரும் வரவில்லை. ஆய்வுக்காகப் பிள்ளைகள் எழுத வேண்டிய நாற்பது வாசிப்புத் தேர்வுத் தாள்களும் மறுநாள் போய்ச் சேர வேண்டும். தலைமையாசிரியர் ராஜமாணிக்கம் பழம் தின்று கொட்டை போட்டவர். இரண்டு பேனாவை நீட்டி, "ப்ளூவுல ஒண்ணு, பிளாக்குல ஒண்ணு, மாத்தி மாத்திப் போடுங்க டீச்சர். ஒரே கையின்னு தெரியக்கூடாது" என்றார். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் நடப்பதுதான். பிள்ளைகளைக் குறைத்துக் காட்ட மனம் வராமல் நன்றாகவே போட்டுவிட்டேன்.

ஒருத்தி மட்டும் இருந்தாள். வீட்டில் தண்ணீர் ஏறியதால் அம்மாவோடு பள்ளிக்கூடத்திலேயே தங்கியிருந்த இசைவாணி, ஐந்தாம் வகுப்பு. தானே எழுதுவேன் என்று ஒரு தாளை வாங்கிப்போய் அரை மணி நேரம் பென்சிலைக் கடித்தாள்.

"டீச்சர், இந்தக் கதைய எனக்குப் படிக்க வரல. வரலன்னே எழுதிடட்டா?"

"எழுதுடி" என்றேன்.

அறுபத்திரண்டாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: ஒரு மாணவியின் தாள் மற்றவற்றிலிருந்து மிகவும் விலகியிருந்ததால் நீக்கப்பட்டது. மாதிரி முப்பத்தொன்பது.

அடுத்த வருடம் வாசிப்பு வகுப்பை நிறுத்தியபோது அதிகாரிகளைத்தான் திட்டித் தீர்த்தேன். இசைவாணி ஏழாவதோடு நின்றுவிட்டாள், நாற்று நடப் போகிறாள். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பலகையைக் காட்டி, "இது எந்த ஊரு பஸ் டீச்சர்?" என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் ஆய்வேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வழிகாட்டி என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது.

"எனக்கும் அப்பவே சந்தேகந்தாம்மா. முப்பத்தொம்போது புள்ளையும் ஒரே மாதிரி படிக்குமா?"

"அப்பவே திருப்பி அனுப்பியிருக்கலாமே சார்."

அவர் ஆய்வேட்டை மூடி வைத்தார். "நீங்க இத எழுதுனா மொதல்ல உங்களுக்குத்தான் மெமோ வரும். வீட்ல உங்க சம்பளம் மட்டுந்தானே?" என்றார்.

ஆமாம் என்றேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயம் ஜாஸ்தியாக இருந்தது. 'மாதிரி போதுமானது. விலகல் முறையாகக் கையாளப்பட்டுள்ளது' என்று எழுதிக் கொடுத்தேன். இருபதுக்குப் பதினெட்டு வந்தது.

என் ஆய்வுக்கான தாள்களை அண்ணாகிராமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கொடுத்திருந்தேன். பிள்ளைகளே எழுதட்டும் என்று இரண்டு முறை சொல்லியிருந்தேன். வாங்கப் போனபோது அங்கே ஆசிரியராக இருக்கும் பொன்னுரங்கம் சார் கட்டைக் கையில் கொடுத்து, "அறுபதும் இருக்கு மேடம், ஒண்ணுகூட விடல" என்று சிரித்தார்.

பஸ்ஸில் பிரித்தேன். நீலம், கறுப்பு, நீலம், கறுப்பு. பென்சிலில் எழுதிய தாள் ஒன்றாவது இருக்கிறதா என்று கடைசிவரை புரட்டினேன். பிறகு முதலிலிருந்து மறுபடியும் புரட்டத் தொடங்கினேன்.